வெளிநாட்டு ஹாஸ்டலில் கார்டா, காசா? கடைக்கு வருகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) நகல் எடுக்க வருகிறவர்கள் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போகிற பெரியவர்கள். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். ஹனோய், பாலி, ஒசாகா என்று விமானச் சீட்டை அச்செடுக்கிறார்கள். தாள் வெளியே வருவதற்குள் ஒரு சந்தேகமாவது கேட்டுவிடுவார்கள். நானும் வருடத்துக்கு ஒருமுறை முதுகுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவள் என்று ஊருக்கே தெரியும். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

ஹாஸ்டல்னா என்னக்கா? ஸ்கூல் அஸ்ராமா மாதிரியா?

கட்டில் மேல் கட்டில் இருப்பது மட்டும் பள்ளி விடுதியான அஸ்ராமா மாதிரி. மற்றபடி இது பயணிகள் விடுதி. அறைக்குப் பதிலாக ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம். ஆறு பேரோ பத்துப் பேரோ ஒரே அறையில் படுப்போம், குளியலறை பொது. பெண்களுக்கு மட்டுமான அறையும் பல இடங்களில் உண்டு. ஓட்டல் செலவில் பாதிகூட ஆகாது என்பதால்தான் நம் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள்.

சரி, கார்டு கொண்டு போகவா காசு கொண்டு போகவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

இரண்டும். ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

விடுதிக்காரர் நம்மிடம் மூன்று தடவை பணத்தைப் பற்றிப் பேசுவார். பதிவு செய்யும்போது ஒருமுறை, போய் இறங்கும்போது ஒருமுறை, சாவிக்கும் துண்டுக்கும் முன்பணம் வைக்கும்போது ஒருமுறை. பதிவுக்குப் பெரும்பாலும் கார்டு வேண்டும். போய் இறங்கியதும் கட்டுவது நாட்டுக்கு நாடு, விடுதிக்கு விடுதி மாறும். முன்பணம் ஆசியாவில் பெரும்பாலும் காசு. கீழே வரும் கேள்விகளில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

என்கிட்ட இருக்கறது சம்பளம் போடற பேங்க் கார்டுதான். அது அங்க வேலை செய்யுமா?

கார்டைத் திருப்பிப் பாருங்கள். உள்நாட்டுக்கு மட்டுமான மைடெபிட் சின்னம் மட்டும் இருந்தால் அதை வைத்து வெளிநாட்டு விடுதியில் கட்ட முடியாது. கூடவே விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் வேண்டும். இப்போது தருகிற கார்டுகள் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தவை.

சின்னம் இருந்தாலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. டெபிட் கார்டை வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கிகள் அடைத்தே வைத்திருக்கும். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி அது: வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குப் போய் நீங்களே திறந்துவிடலாம், எத்தனை நாளுக்கு என்றும் சில வங்கிகளில் குறிக்கலாம். கிளம்பும் முன் வீட்டிலிருந்தே செய்யுங்கள். தாய்லாந்தின் ஹட்யாயில் இறங்கி, கார்டு கெட்டுவிட்டது என்று என்னை அழைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் மறந்திருந்தார்கள். தினசரி வரம்பையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புக் பண்ணும்போதே கட்டிட்டேன். அங்க போனா மறுபடி ஏன் கேக்கறாங்க?

எந்தத் தளத்தில் பதிந்தீர்கள் என்று பாருங்கள். ஹாஸ்டல்வேர்ல்ட் போன்ற தளத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பகுதியைத்தான் முன்கூட்டி எடுப்பார்கள், மீதி விடுதியில். புக்கிங் டாட் காமிலும் அகோடாவிலும் ‘இப்போது கட்டு’, ‘அங்கே கட்டு’ என்று இரண்டு வகை இருக்கும். ‘அங்கே கட்டு’ என்பதற்கும் கார்டு எண் கேட்பார்கள். எண் கொடுத்ததாலேயே பணம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. உறுதி மின்னஞ்சலில் மீதித் தொகை தனியாக எழுதியிருக்கும். அந்த வரியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முழுதும் கட்டியிருந்தும் கேட்டால், அது ஊர் வரியாக இருக்கலாம். கியோட்டோவில் 2018 அக்டோபர் முதல் தங்கும் வரி உண்டு. மலிவு விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் இப்படி ஒன்று உண்டு, சில இடங்களில் அதை மட்டும் காசாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். நம் நாட்டிலேயே 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வாங்குகிறோமே.

என்கிட்ட கிரெடிட் கார்டே இல்ல. ரூம் கொடுப்பாங்களா?

கொடுப்பார்கள். பெரும்பாலான ஹாஸ்டல்களுக்கு டெபிட் கார்டே போதும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதை என் கதையாகவே சொல்கிறேன்.

2019இல் ஐரோப்பாவில் ஒரு விடுதியில் நான்கு இரவு தங்கினேன். வாடகையைக் கட்டிய பிறகு, ‘உடைந்தால் கிழிந்தால்’ என்று சொல்லி 150 யூரோவைக் கார்டில் பிடித்து வைத்தார்கள். ஏறக்குறைய 700 ரிங்கிட். பணம் அவர்களிடம் போகாது, நம் கணக்கிலும் எடுக்க முடியாது, நடுவில் தொங்கும். கிளம்பும்போது ‘விடுவித்துவிட்டோம்’ என்றார்கள். என் கணக்குக்கு அது திரும்ப பதினோரு நாள் ஆனது. அதற்குள் மோட்டார் தவணை நாள் வந்துவிட்டது, கணக்கில் போதிய பணம் இல்லை, தாமதக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. விடுதியைக் கேட்டால் வங்கியைக் கேள் என்றார்கள், வங்கியைக் கேட்டால் விடுதியைக் கேள் என்றார்கள்.

கிரெடிட் கார்டு என்றால் இப்படிப் பிடிப்பது வங்கி கொடுத்த கடன் வரம்பிலிருந்து. டெபிட் கார்டு என்றால் உங்கள் சம்பளத்திலிருந்து. ஏழாம் தேதிச் சம்பளத்தை நம்பி மாதம் ஓட்டுகிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. கிரெடிட் கார்டு இல்லையென்றால், பயணத்துக்கென்று தனிக் கணக்கோ, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் கார்டோ வைத்துக்கொள்ளுங்கள். வைஸ், பிக்பே போன்றவை அப்படிப்பட்டவை. சம்பளக் கணக்கின் கார்டை விடுதிக்காரர் கையில் கொடுக்காதீர்கள். முன்பணத்தைக் காசாக வைக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் சரி என்பார்கள்.

கையில எவ்வளவு காசு வெச்சிக்கணும்?

என் கணக்கு இது: இரண்டு இரவு வாடகை, ஒரு நாள் சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகிற செலவு. கார்டு ஒன்றுமே ஓடாவிட்டாலும் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் வழி பிறந்துவிடும். தீவு, மலை என்று போகிறவர்கள் மட்டும் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அங்கே ஏடிஎம் ஒன்றே ஒன்று இருக்கும், அதிலும் அன்றைக்குப் பார்த்துப் பணம் இருக்காது.

‘அதிகமாகக் கொண்டுபோனால் பிடிப்பார்களா’ என்று ஒரு மாமா கேட்டார். 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் பெறுமதியுள்ள காசு கையில் இருந்தால்தான் நம் நாட்டுச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். ஹாஸ்டலில் படுக்கப் போகிற நமக்கு அந்தக் கவலை இல்லை.

எங்க மாத்தறது? இங்கயா, ஈப்போவுலயா, அங்க போயா?

தாய்லாந்தின் பாட், சிங்கப்பூர் டாலர், இந்தோனேசியாவின் ரூப்பியா போன்றவற்றை இங்கேயே உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடம் மாற்றிக்கொள்வது நல்லது. உரிமம் கொடுப்பது பேங்க் நெகாரா. கடைச் சுவரில் அது தொங்குகிறதா என்று பாருங்கள். ஈப்போவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். ரயிலில் பாடாங் பெசார் வழியாக ஹட்யாய் போகிறவர்களுக்கு அங்கேயும் ரிங்கிட்டைச் சுலபமாக மாற்றித் தருவார்கள். இன்னும் தள்ளிப் போகப் போக ரிங்கிட்டுக்கு மதிப்புக் குறையும். ஐரோப்பாவில் ரிங்கிட்டை நீட்டினால் பெரும்பாலும் தலையை ஆட்டிவிடுவார்கள். விமான நிலையத்தில் மாற்றுவதானால் பஸ்ஸுக்கும் தேநீருக்கும் போதுமான அளவு மட்டும்.

நோட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கம்போடியாவில் டாலர் செல்லும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை விடுதியில் வாங்க மாட்டார்கள். சில்லறை பாக்கியை அந்த நாட்டு ரியெலில் தருவார்கள். வியட்நாமில் 20,000 டோங்கும் 500,000 டோங்கும் இரண்டுமே நீல நிறம். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர் நம் ஊரில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் வீட்டில் இன்னும் தெரியாது.

மெஷின்ல ‘ரிங்கிட்டா பாட்டா’ன்னு கேக்குது. ரிங்கிட்தானே நமக்குப் புரியும், அதைத்தானே அமுக்கணும்?

இல்லை. பாட்டை அமுக்குங்கள். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிங்கிட் என்று அமுக்கினால், மாற்று விலையை அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கிற நிறுவனம் போடும். டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்பார்கள். தங்கள் இலாபத்தை அந்த விலையிலேயே சேர்த்துவிடுவார்கள். பாட் என்று அமுக்கினால் விசா அல்லது மாஸ்டர்கார்டின் விலை, அதன் மேல் உங்கள் வங்கியின் சிறு கட்டணம். மூன்று இரவுக்கு 1,200 பாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிங்கிட்டுக்கு 7.50 பாட் என்றால் 160 ரிங்கிட். மெஷின் ஐந்து விழுக்காடு கூட்டிப் போட்டால் 168. எட்டு ரிங்கிட் என்ன பெரிசு என்று தோன்றும். பத்து நாள் பயணத்தில் ஒவ்வொரு கடையிலும் இப்படியே அமுக்கிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு நாள் வாடகை போயிருக்கும். போதாததற்கு, சில வங்கிகள் ரிங்கிட்டில் வந்த கணக்குக்கும் வெளிநாட்டுக் கட்டணத்தைப் போட்டுவிடும்.

சில சமயம் விடுதி ஊழியர் நம்மைக் கேட்காமலே ரிங்கிட்டை அமுக்கிவிடுவார், உதவி செய்கிற நினைப்பில். சீட்டில் ரிங்கிட் தொகை அச்சாகியிருந்தால் அப்போதே இரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். பிறகு ஊருக்கு வந்து மாற்ற முடியாது.

அப்ப ஏடிஎம்ல எடுத்துக் காசாவே கொடுத்துடலாமா?

எடுக்கலாம், அடிக்கடி எடுக்காதீர்கள். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் பிடிப்பது பல வருடப் பழக்கம், சில இயந்திரங்களில் அதற்கு மேலும் உண்டு. ஆயிரம் பாட் எடுக்கிறவருக்கு அது 22 விழுக்காடு, பத்தாயிரம் எடுக்கிறவருக்கு 2.2. இங்கே உங்கள் வங்கியும் தன் பங்குக்குக் கட்டணம் போடும், அது பெரும்பாலும் பத்து ரிங்கிட்டைச் சுற்றி. ஒரே தடவையில் தேவையானதை எடுத்துவிடுங்கள். அந்த இயந்திரமும் ‘ரிங்கிட்டில் கணக்கிடவா’ என்று கேட்கும். மேலே சொன்ன பதில்தான்.

கார்டுன்னா மூணு விழுக்காடு கூடன்னு சொல்றாங்களே, அது நியாயமா?

நியாயமோ இல்லையோ, தாய்லாந்திலும் வியட்நாமிலும் சின்ன விடுதிகளில் சகஜம். கார்டு நிறுவனத்துக்கு அவர்கள் கட்டுகிற கட்டணத்தை நம் தலையில் கட்டுகிறார்கள். கையில் மாற்றிய காசு இருந்தால் காசைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூன்று விழுக்காட்டையும் ஏடிஎம் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சின்னத் தொகைக்குக் கார்டே மலிவாக இருக்கும்.

டச் அன் கோ வெச்சு கியூஆர் ஸ்கேன் பண்ணா போதாதா?

டச் அன் கோ போன்ற கைப்பேசிப் பணப்பைகள் பக்கத்து நாடுகளில் ஓரளவு போதும். நம் நாட்டுப் பொதுக் கியூஆரான டியூட்நவ் 2021 ஜூனில் தாய்லாந்தின் பிராம்ட்பே உடனும், பிறகு இந்தோனேசியாவின் கியூரிஸ் உடனும், 2023 மார்ச்சில் சிங்கப்பூரின் நெட்ஸ் உடனும் இணைந்தது. பெரும்பாலும் நல்ல விலையே கிடைக்கும். ஆனால் எல்லா வங்கிச் செயலியிலும் எல்லா நாடும் வராது. உங்கள் செயலியில் எது திறந்திருக்கிறது என்று போகும் முன் பாருங்கள். அப்புறம், விடுதிக்காரர் நீட்டுவது கடைக்கான கியூஆரா, அவருடைய சொந்தக் கணக்கின் கியூஆரா என்பதும் முக்கியம். சொந்தக் கணக்குடையது நம் செயலியில் ஓடாமல் போகலாம். இணையம் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை.

காசு வாங்க மாட்டோம்னு சொல்ற இடமும் இருக்காமே?

இருக்கிறது. சுவீடனில் விடுதி மட்டுமல்ல, காப்பிக் கடைகள் பலவும் காசை வாங்குவதில்லை. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கார்டு மட்டும் என்று பலகை வைத்த விடுதிகள் உண்டு. அங்கெல்லாம் இரண்டு கார்டு கொண்டுபோங்கள், வேறு வேறு வங்கியுடையதாக, வேறு வேறு பையில்.

நாங்க தமிழ்நாட்டுக்குத்தானே போறோம். அங்க என்ன பிரச்சினை?

நம் மொழி, நம் சாப்பாடு என்பதால் வெளிநாடு என்ற நினைப்பே வராது. லாட்ஜ் கவுண்டரில் கடப்பிதழை நீட்டும்போதுதான் வரும். இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற விடுதி 24 மணி நேரத்துக்குள் ‘படிவம் சி’ என்று பலரும் சொல்கிற விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சின்ன லாட்ஜுகள் ‘ஃபாரினர்ஸ் கிடையாது’ என்று சொல்லிவிடும். மதுரையில் நடுராத்திரி குடும்பத்தோடு நான்கு லாட்ஜ் ஏறி இறங்கிய ஒருவர் என் கடையில் வந்து புலம்பினார். காசு நிறைய வைத்திருந்தும் பயனில்லை. பதிவதற்கு முன்பே ‘மலேசியக் கடப்பிதழ், படிவம் சி போடுவீர்களா’ என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது யூபிஐ, இந்தியர்கள் கைப்பேசியில் பணம் கட்டும் முறை. டீக்கடை முதல் விடுதி வரை எல்லாரும் கியூஆர் அட்டையைக் காட்டுவார்கள். நம் கியூஆரை நம்பி அங்கே போகாதீர்கள். வெளிநாட்டவருக்கென்று யூபிஐ ஒன் வேர்ல்டு என்று ஒரு வசதி உண்டு. கடப்பிதழையும் விசாவையும் காட்டிப் பதிந்து பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்றால் காசுதான், அதுவும் 100, 200 நோட்டுகளாக. தாத்தா பெட்டியில் இருந்தது என்று பழைய நோட்டைக் கொண்டுபோகாதீர்கள். பழைய 500உம் 1,000உம் 2016 நவம்பரிலேயே செல்லாமல் போனவை. 2,000 நோட்டையும் 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறத் தொடங்கிவிட்டார்கள், கடையில் வாங்க மாட்டார்கள்.

டோர்ம்ல பத்துப் பேரு படுப்பாங்க. பொம்பளப் புள்ள நான், காசை எங்க வைக்கறது தெரியல.

ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போம்மா. பெட்டகம் இருக்கும், பூட்டு நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கார்டும் பாதிக் காசும் அதில். மீதிக் காசும் கடப்பிதழும் உடம்போடு, குளிக்கப் போகும்போதும். மூன்றாவது கார்டு இருந்தால் பைக்குள் துணிகளுக்கு நடுவில். தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம், காலையில் படுக்கை விரிப்போடு அதுவும் போய்விடும்.

ஓடிபி வராம போச்சுன்னா?

குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடச் சொல்லி 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. இப்போது பெரும்பாலும் வங்கிச் செயலியிலேயே ‘சம்மதம்’ அமுக்க வேண்டும். அதற்கு சிம் கார்டைவிட இணையமும், பதிந்த அதே கைப்பேசியும் முக்கியம். அங்கே போய் வேறு சிம் போட்டாலும் செயலி வேலை செய்யும். கைப்பேசியே தொலைந்தால்தான் சிக்கல். புதிதாக வாங்கிய கைப்பேசியில் செயலியைப் பதிந்தாலும் பாதுகாப்புக்காகப் பல மணி நேரம் காக்க வைப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் மேலே சொன்ன இரண்டு இரவுக் காசு. வங்கியின், மலேசியாவின் நாட்டு எண்ணான 60இல் தொடங்கும் முழுத் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், கைப்பேசிக்குள் எழுதி வைத்து என்ன பயன்?

போகல, கேன்சல் பண்ணிட்டேன். காசு திரும்ப வருமா?

‘திரும்பத் தரப்படாது’ என்ற மலிவு விலையில் பதிந்திருந்தால் வராது. ‘இலவச இரத்து’ என்றால் கடைசித் தேதியைப் பாருங்கள், நேரம் அந்த ஊர் நேரம். சொல்லாமல் போகாமலிருந்தால், அன்றைக்கு எண் கொடுத்தீர்களே, அந்தக் கார்டிலிருந்து முதல் இரவு வாடகையை எடுத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் எண் கேட்டார்கள்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. கார்டுல அதே ஹாஸ்டல் பேர்ல இன்னொரு கணக்கு வந்திருக்கு!

முதலில் அது உண்மையிலேயே இரண்டாவது கணக்கா என்று பாருங்கள். பிடித்து வைத்த தொகையும் உண்மைக் கட்டணமும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ‘நிலுவை’ என்று காட்டினால் பொறுத்திருங்கள், தானாகப் போய்விடும். ‘முடிந்தது’ என்று காட்டினால் விடுதிக்கு மின்னஞ்சல் போடுங்கள். துண்டு தொலைந்தது, சாவி திருப்பவில்லை என்று ஏதாவது காரணம் இருக்கலாம். பதில் இல்லையென்றால் வங்கியில் மறுப்புக் கோரிக்கை கொடுங்கள். அதற்குக் காலக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

கோரிக்கைக்குச் சான்று வேண்டும். காசாகக் கட்டினவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இரசீது கேட்காமல் சிரித்துவிட்டு வந்திருப்பார்கள். எதில் கட்டினாலும் இரசீதைக் கேட்டு வாங்கி அங்கேயே படம் எடுத்துவிடுங்கள், வெப்பத் தாளில் அச்சான எழுத்து இரண்டே மாதத்தில் வெளுத்துவிடும். படத்தை எனக்கு அனுப்பினால் அச்செடுத்து வைக்கிறேன். கருப்பு வெள்ளை, பக்கத்துக்கு இருபது சென்.